பாவம் போதாத பரம்பரை

மெரடித் பாஸ்கோம்ப் அழ ஆரம்பித்ததும் காகிதக் கைக்குட்டைப் பெட்டி மேசையைச் சுற்றி அவளை நோக்கிப் பயணம் புறப்பட்டது. புனித ஆன்ஸ்கர் லுத்தரன் ஆலயத்தின் நிலவறை, இனநீதிக் குழுவின் மாதக் கூட்டம். ஒவ்வொரு கையும் பெட்டியை அடுத்த கைக்குப் பயபக்தியோடு நகர்த்தியது. குழுத் தலைவி ஆர்டிஸ் டோலஃப்சனும் நகர்த்தினாள். நகர்த்துகிற சாக்கில் ஒரு தாளை உருவிக்கொண்டாள். அழுவதற்கல்ல, சிந்திய காப்பியைத் துடைப்பதற்கு.

"எழுபது பேர்," என்றாள் மெரடித், ஜார்ஜியா மாநிலத்துக்காரர்கள் இழுத்துப் பேசும் ராகத்தோடு. "என் பாட்டனாரோட பாட்டனாரு எழுபது மனுஷங்களை அடிமையா வச்சிருந்தாரு. சின்ன வயசுல நான் படுத்துத் தூங்கின கட்டில்... அதுகூட அவங்க கையால செஞ்ச கட்டில்."

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு எழுந்தது.

கட்டிலா? ஆர்டிஸ் காப்பிக் கறையை இன்னும் அழுத்தித் துடைத்தாள். போன மாதம் எழுபது பேர் மட்டும்தான் இருந்தார்கள். இந்த மாதம் கட்டிலும் வந்துவிட்டது. இப்படியே போனால் ஈஸ்டருக்குள் வெள்ளிக் கரண்டிகளும் வந்து சேரும்.

இந்தக் குழுவை உண்டாக்கியவளே ஆர்டிஸ்தான். யாருக்கும் அக்கறை இல்லாத காலத்தில் வீடு வீடாகப் போன் போட்டு ஆள் பிடித்தாள். புத்தகம் வாங்கிக் கொடுத்து, படிக்காதவர்களைப் படித்ததாக ஒப்புக்கொள்ள வைத்தாள். ஆலயப் புல்வெளியில் 'அனைவரும் வருக' பலகை நட்டவள் அவள். பனி அகற்றும் வண்டி மோதிச் சாய்க்கும்போதெல்லாம் நிமிர்த்தி வைப்பவளும் அவளே. மெரடித் அட்லாண்டாவிலிருந்து மினசோட்டா மாநிலத்தின் இந்த ஊருக்குக் குடிவந்தது போன வருஷம்தான். வரும்போதே ஒரு முழுப் பண்ணையளவு பாவத்தைச் சாமான்களோடு ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

பாஸ்டர் ஹாகன் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர்தான். எந்த விஷயத்தையும், பைபிளில் வரும் எரிகோ மதிலைப் போல, ஏழு தடவை சுற்றி வந்த பிறகுதான் ஊதுவார்.

"லெந்து தவக்காலத்துல நம்ம ஊர்க் கறுப்பினச் சபை, பிஸ்கா பாப்டிஸ்டோட நமக்குக் கூட்டு ஆராதனை இருக்கு. அவங்க ஆலயத்துல. நம்ம சபை சார்பா ஒருத்தர் மைக் முன்னாடி நின்னு பாவ அறிக்கை செய்யணும். இது வந்து, ஒரு பொறுப்பு. யார் செஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும். ஆர்டிஸ் எத்தனையோ வருஷமா உழைச்சிருக்காங்க, அதை யாரும் மறக்கல. இருந்தாலும்... மெரடித் சொல்ற கதைல ஒரு கனம் இருக்கு. இல்லையா, ஆர்டிஸ்?"

"ரொம்பக் கனம்," என்றாள் ஆர்டிஸ். சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே எழுந்துபோய் எல்லாக் கோப்பைகளையும் கழுவினாள், இன்னும் குடித்து முடிக்காதவர்களுடையதையும் சேர்த்து.

அந்த மைக் முன்னால் சொல்ல வேண்டியதை அவள் மாதக்கணக்காகக் காருக்குள் ஒத்திகை பார்த்து வந்தாள். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுகூட முடிவாகியிருந்தது. பிராஸ்பெக்ட் தெரு சிக்னலில்.

வீட்டில் கணவர் டுவெய்ன் ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெரடித்தைப் போட்டுட்டாங்க," என்றாள்.

"எதுல?"

"மைக்ல."

டுவெய்ன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் எந்த வாக்கியத்துக்குச் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று கற்றிருந்தார். "எப்பவும் நீதானே பேசுவ?"

"அவ பாட்டனுக்கு எழுபது அடிமை."

"உன் தாத்தாவுக்கு என்ன இருந்துச்சு?"

"ரெண்டு மாடு. அதுல ஒண்ணு குருடு."

டுவெய்ன் உண்மையிலேயே யோசித்தார். "என் பக்கம் வேணும்னா தேடிப் பாரேன். ஆர்னி மாமா ரொம்ப வருஷம் வரி கட்டாம ஏமாத்தினாரு."

"டுவெய்ன்!"

"உதவி பண்ணலாம்னு பாத்தேன், அவ்வளவுதான்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆர்டிஸ் தன் முன்னோர்களைத் துருவினாள். நார்வேயில் இருக்கும் தூரத்து உறவுகளுக்கெல்லாம் போன் போட்டாள். என்ன கொடுமை! எல்லோரும் யோக்கியர்கள். மீன் பிடித்தார்கள், சளிக்காய்ச்சலில் செத்தார்கள். மிஞ்சியவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, எல்லாம் ஆறிப்போன பிறகு நிதானமாகக் கப்பல் ஏறினார்கள். ஒரே ஒரு நம்பிக்கை நட்சத்திரம் நெல்ஸ் சின்னத் தாத்தா: அவர் குதிரை திருடியிருந்தார். விசாரித்ததில் குதிரையைப் பறிகொடுத்தவரும் ஒரு நார்வேக்காரர். குதிரை நொண்டி என்று தெரிந்ததும் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு எந்த மைக் முன்னால் நிற்பது? இப்படி ஒரு துப்புக்கெட்ட பரம்பரையில் பிறந்ததை நினைத்து ஆர்டிஸுக்கு ஆத்திரமாக வந்தது. ஊரெல்லாம் பாவத்தில் புரண்டு எழுந்திருக்க, தன் வீட்டில் மட்டும் மீன் நாற்றம்.

ஒரு பிற்பகல், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று உதித்தது. நிலம்! கொள்ளுத்தாத்தா வந்து இறங்கியதும் அரசாங்கம் சும்மா தூக்கிக் கொடுத்த நிலம். அது யாருடையது? டகோட்டா பூர்வகுடி மக்களுடையது. அவர்களைத் துரத்திவிட்டல்லவா கொடுத்தார்கள்! "இருக்கு! நமக்கும் இருக்கு!" என்று ஆர்டிஸ் கை தட்டிவிட்டாள். தட்டிய கைகளைப் பார்த்ததும் திடுக்கிட்டு, அப்படியே கூப்பி, ஒரு சின்ன ஜெபமாக மாற்றிக்கொண்டாள்.

மறுநாளே பாஸ்டர் அறைக்குப் போனாள். ஹாகன் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகக் கேட்டார்.

"ரொம்ப முக்கியமான விஷயம், ஆர்டிஸ். மனசைத் தொட்டுட்டீங்க. ஆனா அது அடுத்த வருஷத்துத் தலைப்பு."

"அடுத்த வருஷமா?"

"பூர்வகுடி மக்கள் அடுத்த வருஷம். இந்த வருஷம் கறுப்பின மக்கள். பேராயர் அலுவலகத்துல அப்படித்தான் அட்டவணை போட்டிருக்காங்க. இப்பவே உங்க பேரை எழுதி வச்சிக்கட்டுமா?"

ஜனவரியில், தெருவெல்லாம் பனி இறுகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, ஆர்டிஸ் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டியது வெர்னீட்டா கெய்ன்ஸ். பிஸ்கா சபையின் வீட்டுவசதிக் குழுவை நடத்துபவள். கறுப்பினப் பெண், ஆர்டிஸ் வயதுதான். பள்ளிப் பேருந்துகளுக்கு வழித்தடம் போட்டு நேரம் குறிப்பது அவள் உத்தியோகம். போகவேண்டிய இடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேராதவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

ஆர்டிஸ் காப்பி ஊற்றி எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டுகளை வைத்தாள். வெர்னீட்டா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டர் ஆர்டிஸ், இது காப்பியா, இல்ல காப்பி இந்தப் பக்கமா நடந்து போச்சா?"

"ஸ்ட்ராங்கா வேணும்னா..."

"வேணாம் வேணாம், இதுவும் நல்லாத்தான் இருக்கு. வெந்நீர் உடம்புக்கு நல்லது." ஜன்னலைக் காட்டினாள். "நான் வந்தது அதுக்காக."

ஜன்னலுக்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் ஆன்ஸ்கர் ஆலயத்தின் கார் நிறுத்துமிடம், அதன்மேல் வெள்ளையாகப் பனி. ஞாயிற்றுக்கிழமையிலும் பாதிதான் நிரம்பும். அந்த இடத்தை விலைக்குக் கொடுத்தால் நாலு மாடியில் வாடகை வீடுகள் கட்டலாம், பணத்துக்கும் கட்டடத்துக்கும் நாங்கள் பொறுப்பு என்று பிஸ்கா சபை எப்போதோ கேட்டிருந்தது.

"உங்க குழுகிட்டதான் இருக்கு," என்றாள் வெர்னீட்டா.

"ஆமா, ஆய்வுல இருக்கு."

"எத்தனை வருஷமா?"

"அது வந்து... விரிவான ஆய்வு."

வெர்னீட்டா சிரித்தாள். ஆர்டிஸுக்குக் காது சுட்டது. அவள் அந்தத் திட்டத்தை ஒருநாளும் மறுத்ததில்லை. மினசோட்டாவில் யாரும் எதையும் மறுப்பதில்லை, குழுவுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு வருஷமும் 'மேலும் ஆராய வேண்டும்' என்று முன்மொழிந்தது மட்டும்தான் அவள் செய்தது. நாலு மாடி எழும்பினால் மத்தியானத்துக்கு மேல் தன் சமையலறைக்கு வெயில் வராது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"எங்க அப்பா காலத்துல," என்றாள் வெர்னீட்டா, "இந்தத் தெருவுல வெள்ளைக்காரங்களைத் தவிர யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதிருவாங்க. அப்புறம் அது செல்லாதுன்னு ஆயிடுச்சு. ஒரு மனைக்கு ஒரு வீடுதான்னு நகராட்சி விதி மட்டும் நின்னுபோச்சு. அதுல யார் பேரும் இல்ல, வசவும் இல்ல. பழைய வேலைய அதுபாட்டுக்கு அமைதியாப் பாக்குது. என் பொண்ணு உங்க தெருமுனை ஆஸ்பத்திரில நர்ஸ். ரெண்டு பஸ் மாறி வர்றா. இங்க வாடகைக்கு ஒரு வீடு காட்டுங்க பாப்போம்."

ஆர்டிஸ் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்: "மெரடித்கிட்ட சொன்னீங்களா?"

வெர்னீட்டா அவளை ஒரு நொடி அளந்தாள். "மெரடித் எங்களுக்காக அழறாங்க. நல்லாவே அழறாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா உங்க சபைல அவங்களுக்கு யாரைத் தெரியும்? நீங்க எந்திரிச்சீங்கன்னா சபை விருந்துக்குச் சமைச்சுக் கொண்டுவர்ற அத்தனை பேரும் எந்திரிப்பாங்க. இது மெரடித்கிட்ட மாட்டிக்கிட்டு நிக்கல சிஸ்டர். உங்ககிட்ட நிக்குது."

"அப்போ நான்தான் தடையா?" என்றாள் ஆர்டிஸ். அவள் குரலில் ஒரு வெளிச்சம் வந்தது. பாவம்! சொந்தப் பாவம்! பாட்டன் பூட்டனிடம் இரவல் வாங்காத, புத்தம் புதிய, இன்றும் நடப்பில் உள்ள பாவம்! "வெர்னீட்டா, இதை நான் கூட்டு ஆராதனைல அறிக்கை செய்யலாமே! மைக்ல! எல்லார் முன்னாடியும்!"

"அறிக்கையெல்லாம் வேணாம். உங்க வருஷக் கூட்டத்துல தீர்மானம் கொண்டு வாங்க."

"முதல்ல அறிக்கை செஞ்சிட்டு..."

"எங்க சபைல அறிக்கைக்குப் பஞ்சமே இல்ல சிஸ்டர். வீட்டுக்குத்தான் பஞ்சம்."

ஆர்டிஸுக்குச் சப்பென்றாகிவிட்டது. வருஷக் கூட்டத்தில் தீர்மானம் என்றால் கொதிகலன் பழுதுக்கும் குழந்தைகள் அறைக் கம்பளத்துக்கும் நடுவில் வரும். அங்கே யார் அழப்போகிறார்கள்? கைக்குட்டைப் பெட்டியே கிடையாது.

"யோசிக்கிறேன்," என்றாள்.

அதற்கு என்ன பொருள் என்று வெர்னீட்டாவுக்குத் தெரியும். இரண்டு எலுமிச்சை பாரைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வருஷக் கூட்டம் வந்தது. ஆராதனை முடிந்து சபை முழுவதும் நிலவறையில் இறங்கி, உருளைக்கிழங்கு உருண்டை பரப்பிச் சுட்ட ஹாட்டிஷ் பதார்த்தங்களை வரிசையில் நின்று தட்டில் வாங்கிக்கொண்டது. ஆர்டிஸ் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்: இன்னும் ஒரே ஒரு வருஷம் ஆராயலாம்.

கார் நிறுத்துமிடம் என்ற தலைப்பு வந்ததும் மெரடித் எழுந்தாள். கையில் பெரிய வண்ணப் படம்.

"எனக்கு ஒரு கனவு வந்துச்சு," என்றாள். "அந்த இடத்துல ஒரு மனந்திரும்புதல் பூங்கா. வளைஞ்சு வளைஞ்சு போற கல் பாதை. நடுவுல ஒரு நினைவுக் கல். அதுல எங்க குடும்பம் அடிமையா வச்சிருந்த எழுபது பேருக்காக ஒரு வாசகம். ஜனங்க வந்து, உக்காந்து, வலியோட கொஞ்ச நேரம் இருக்கலாம்."

"அடடா, அழகா இருக்கே," என்றது ஒரு மேசை. கட்டடம் இல்லை, சத்தம் இல்லை, வடக்குப் பக்கம் கார் நிறுத்தவும் இடம் மிஞ்சும். "நாய் கூட்டிட்டு வரலாமா?" என்று ஒருவர் கேட்டார். வரலாம் என்றாள் மெரடித், கண்ணைத் துடைத்தபடி.

ஆர்டிஸுக்குத் தன் மிச்ச ஆயுள் கண்முன் விரிந்தது. ஒவ்வொரு காலையும் பாத்திரம் கழுவ நிற்பாள். நிமிர்ந்தால் ஜன்னலில் மெரடித்தின் பாதை, மெரடித்தின் கல், மெரடித்தின் பாட்டன். தன் வீட்டுக் கொல்லையிலேயே, தன் வெயிலிலேயே, அந்த எழுபது பேர் பண்ணை நிரந்தரமாகக் குடியேறப் போகிறது. வயிற்றில் பற்றிய தீ தொண்டைக்கு ஏறியது. கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்து நின்றன.

"மாற்றுத் தீர்மானம்," என்றாள். "அந்த இடத்தை பிஸ்கா சபையோட வீட்டுவசதி அறக்கட்டளைக்கு விக்கணும். இனிமே என் குழுவுல ஆய்வு கிடையாது. ஆராய்ஞ்சாச்சு."

டுவெய்ன் முள்கரண்டியை வாய்க்கு அருகில் நிறுத்திவிட்டார். கம்பளத்தின் நிறத்தைத் தவிர வேறெதிலும் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காதவர் அவர். "வழிமொழியறேன்," என்றார், தானே ஆச்சரியப்பட்டுக்கொண்டு.

"ஆர்டிஸ், அது உங்க வீட்டுக்குப் பின்னாலதானே?" என்றார் பொருளாளர். "வெயிலை மறைச்சிடுமே."

"மறைக்கும்."

"அப்படியா. அது... வித்தியாசமா இருக்கே," என்றார் அவர். ஒரு லுத்தரன் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்ச எதிர்ப்பு அதுதான்.

வெயிலை இழக்கிறவளே கேட்கும்போது மற்றவர்கள் எந்த முகத்தோடு மறுப்பது? மூன்றில் இரண்டு பங்கு கைகள் தூக்கமும் தயக்கமுமாக எழுந்தன. தேவன் கையில் கிடைத்ததை வைத்துத்தான் வேலை செய்கிறார். அன்று கிடைத்தது ஆர்டிஸின் வயிற்றெரிச்சல்.

முதலில் ஓடி வந்து கட்டிக்கொண்டவள் மெரடித்தான். "என்ன ஒரு தியாகம்! நான் வந்து... எனக்குப் பேச்சே வரல!" என்று ஆர்டிஸின் தோளை நனைத்தாள். சுற்றியிருந்தவர்கள் மெரடித்தின் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். பாஸ்டர் ஹாகன் பூரித்துப் போயிருந்தார். "இப்பதான் கூட்டு ஆராதனைக்கே ஒரு அர்த்தம் வந்திருக்கு. மெரடித், இதையும் உங்க அறிக்கைல சேர்த்துக்குங்க!"

மெரடித் சேர்த்துக்கொண்டாள். லெந்தின் மூன்றாம் ஞாயிறு, பிஸ்கா ஆலயம் நிரம்பி வழிந்தது. அவள் மைக் முன்னால் நின்று கட்டிலைப் பற்றிச் சொன்னபோது, ஆன்ஸ்கர் சபை காலணி முனைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, பிஸ்கா சபை குரல்கொடுத்துத் தூக்கியது. "சொல்லும்மா!" "நிதானமா, தாயி, நிதானமா!" ஆர்கன்காரர் அவள் விம்மலுக்கு அடியில் மெல்ல ஒரு ராகத்தைப் பரப்பினார். ஆர்டிஸ் காருக்குள் பேசியபோது ஆர்கன் எதுவும் கூட வந்ததில்லை.

"இன்னைக்கு நாங்க எங்க நிலத்தையும் கொடுத்திருக்கோம்," என்றாள் மெரடித்.

நாங்களா! ஆர்டிஸின் முகம் குப்பென்று சிவந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஆலய ஊழியப்பெண் ஒருத்தி, பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்து, ஓடி வந்து அவளுக்கு விசிறிவிட்டாள்.

பக்கத்தில் இருந்த வெர்னீட்டா குனிந்தாள். "எரியுதா?"

"எதுக்கு எரியணும்? நல்லாத்தானே பேசறா."

"சிஸ்டர், கோயில்ல உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்லாதீங்க. இந்தக் கொயர்ல ஒரு தனிப்பாட்டுக்கு நான் எத்தனை வருஷமாக் காத்திருக்கேன் தெரியுமா? அந்த முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், தினமும் கண்ணாடில பாக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குனிந்தாள். "செவ்வாய்க்கிழமை மத்தியானம் நகராட்சித் திட்டக் குழுவுல விசாரணை. விதியைத் தளர்த்தினாதான் கட்ட முடியும். அங்கயும் மைக் இருக்கு."

நகராட்சி மன்றத்தில் நுழைந்ததும் ஆர்டிஸ் மெரடித்தைத்தான் தேடினாள். தன்னைப் பேசவிட்டு அவள் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். இத்தனை மாத எரிச்சலுக்கு அந்த ஒரு காட்சி போதும். மெரடித் வரவில்லை. டுலூத் நகரத்துச் சபை ஒன்று அவளைப் பாவ அறிக்கைக்கு அழைத்திருக்கிறதாம். அடுத்த வாரம் ராச்செஸ்டர்.

ஆனால் ஆர்டிஸின் தெரு முழுவதும் வந்திருந்தது. 'நம் பகுதியின் தன்மையைக் காப்போம்' என்ற அட்டைகள். அதற்கு நடுவில் பக்கத்து வீட்டு ஜாய்ஸ். ஆர்டிஸுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது வாரக்கணக்கில் சூப் கொண்டுவந்து கொடுத்தவள். ஆர்டிஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையசைத்தாள். "இங்க வா, ஆர்டிஸ்! உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்! உன் வீட்டுக்குத்தானே முதல் அடி!"

ஆர்டிஸ் உட்காரவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மைக் அவள் உயரத்துக்குச் சரியாகவே இருந்தது. கையில் அவள் எழுதி வைத்திருந்த தாளில் நார்வேயும் டகோட்டாவும் தழுதழுப்பும் இருந்தன. மேலே தலைவர் நிமிராமலே சொன்னார்: "பேரு, விலாசம் சொல்லிட்டு ஆரம்பிங்க. ரெண்டு நிமிஷம்."

"ஆர்டிஸ் டோலஃப்சன்," என்றாள். விலாசத்தையும் சொன்னாள்.

தலைவர் நிமிர்ந்தார். அந்தக் கதவு எண் எங்கே இருக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தில் நாலு மாடி நிழலுக்கு நேர் அடியில் இருக்கிறது. தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த விலாசத்திலேயே முடிந்துவிட்டதுபோல் அவளுக்குத் தோன்றியது. தாளை மடித்தாள்.

"எங்க சமையலறைக்குப் பின்னாலதான் இது வரப்போகுது," என்றாள். "இதை ரொம்ப நாள் நிறுத்தி வச்சதே நான்தான். காரணம் கேட்டா சொல்ல வெக்கமா இருக்கும்: வெயில். இங்க அட்டை பிடிச்சிருக்கிறவங்க கெட்டவங்க இல்ல. எனக்கு சூப் கொடுத்தவங்க. ஆனா அந்த சூப் வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் கிடைக்குது. கட்டுங்க. அனுமதி கொடுங்க."

"வெக்கமா இல்ல உனக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். யாரோ ஊளையிட்டார்கள். யாரும் அழவில்லை. இரண்டு நிமிஷத்தில் பாதிகூட ஆகியிருக்காது. "நன்றி. அடுத்தவர்," என்றார் தலைவர்.

திரும்பி வந்தபோது ஜாய்ஸ் பிடித்து வைத்திருந்த நாற்காலியில் ஜாய்ஸின் கோட்டு உட்கார்ந்திருந்தது. ஆர்டிஸ் கொஞ்ச நேரம் நடுவில் நின்றுவிட்டு, கடைசி வரிசைக்குப் போய் வெர்னீட்டாவின் பக்கத்தில் அமர்ந்தாள்.

விசாரணை நீண்டது. கடைசியில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அனுமதி கிடைத்தது. வெர்னீட்டா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்; உடனே கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

"வெர்னீட்டா," என்றாள் ஆர்டிஸ் மெதுவாக. "மெரடித்தா இருந்தா இன்னும் நல்லாப் பேசியிருப்பா, இல்ல?"

"பேசியிருப்பாங்க." வெர்னீட்டா எழுதிக்கொண்டே சொன்னாள். "ஆனா அவங்க விலாசம் ஏரிக்கரைலதானே இருக்கு. தலைவர் நிமிர்ந்தே பாத்திருக்க மாட்டாரு."

ஆர்டிஸுக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது. அது என்ன வகைச் சந்தோஷம் என்று தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது. வெட்கப்படத் தெரிகிறதே என்று இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஜாய்ஸ் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அவளைக் கடந்து போனாள். "ஜாய்ஸ்," என்று கூப்பிட்டாள் ஆர்டிஸ். ஜாய்ஸ் நடையை நிறுத்தவில்லை.